பின்சீட்டில் ஜப்பார் பாய்

"வண்டிச் சாவிய ஃபாரிஸ்ட்ட குடு. எட்டு மணிக்குள்ள மசாலா கடைக்கு வந்தாகணும்."

"குடுக்க மாட்டேங்க."

மெஹராஜ் கிரைண்டரை நிறுத்திவிட்டுத்தான் இதைச் சொன்னாள். சத்தத்தில் காதில் விழவில்லை என்று கணவர் தப்பித்துவிடக் கூடாதே! செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்த அப்துல் ஜப்பார், மறு காலை நுழைக்க மறந்து நின்றார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் 'மாட்டேன்' என்ற சொல் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

ஜப்பாருக்குத் திண்டுக்கல் பஸ் நிலையத்தருகே சின்னதாக ஒரு பிரியாணிக் கடை. விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கறி வாங்கப் போய்விடுவார். பேகம்பூர் வீட்டில் மெஹராஜ் மசாலா அரைப்பாள். அந்த டப்பாவை ஸ்கூட்டரில் கடைக்குக் கொண்டுபோவது பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் ஃபாரிஸ். அவனுக்கு வயது பதினாறு. ஸ்கூட்டர் யார் பெயரில் இருக்கிறது என்றால், மெஹராஜ் பெயரில். பெண்சாதி பெயரில் வாங்கினால் வண்டிக்கு ராசி என்று அந்தத் தெருவில் ஒரு பழக்கம். அதை ஓட்டுவது மட்டும் பெண்சாதிக்கு ஆகாது. அதுவும் பழக்கந்தான்.

முந்தின நாள் வண்டிச் சோதனையில் ஃபாரிஸ் மாட்டிக்கொண்டான். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வீட்டுக்குப் போன் வந்தது. ஜப்பார் முன்னே நடக்க, மெஹராஜ் பின்னே போனாள். போக்குவரத்து எஸ்.ஐ. ஆனந்தி, ஆர்.சி.யைப் பார்த்துவிட்டு, "நீங்க செத்த உக்காருங்க பாய். நான் ஓனர்ட்டப் பேசணும்" என்றார்.

ஓனர் யார் என்று மெஹராஜே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வண்டி உங்களதுதானேம்மா? ஓட்டுவீங்களா?"

"தொட்டதே இல்லங்க. தொடைக்கத்தான் செய்வேன்."

ஆனந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பொறுமையாக விளக்கினார். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டியோடு பிடிபட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெற்றவர்களும் வண்டியின் சொந்தக்காரரும்தான். மூன்று வருஷம் வரை ஜெயில், இருபத்தைந்தாயிரம் அபராதம், ஒரு வருஷத்துக்கு வண்டியின் பதிவு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. இந்த ஒரு தடவை எழுதி வாங்கிக்கொண்டு விடுவதாகச் சொன்னார். 'என் வண்டியை இனி இவனிடம் தர மாட்டேன்' என்று எழுதி, மெஹராஜ் கையெழுத்துப் போட்டாள்.

"எழுதிக் குடுத்தது போலீசுக்கு. கடைய யாரு பாக்குறது?" என்றார் இப்போது ஜப்பார். "அவன் என்னைய விட நல்லா ஓட்டுவான்."

"ஓட்டுவான். எதிர்ல வர்ற பஸ் எம்புட்டு வேகத்துல வருதுன்னு கணிக்கத் தெரியுமா? போன மாசம் முட்டியப் பேத்துக்கிட்டு வந்தானே, எதனால?"

"மணல்ல வழுக்கிருச்சும்மா" என்றான் ஃபாரிஸ் அவசரமாக.

"மணல் வழுக்கல அப்பு. நீ முன் பிரேக்க மட்டும் பிடிச்ச."

ஃபாரிஸ் வாயைப் பிளந்தான். மிக்ஸியையும் மோட்டாரையும் தானே பிரித்துச் சரிசெய்பவள் அம்மா. ஓட்டாத வண்டியையும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். அதனால் முன் பிரேக்குக்குப் பலம் அதிகம். ஆனால் மணலில் அதை மட்டும் இறுக்கினால் முன் சக்கரம் உருளாமல் சறுக்கும். இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்ல அழுத்த வேண்டும்.

"அப்ப மசாலா?" என்றார் ஜப்பார்.

"ஒரு மாசம் ஆட்டோவுல வரட்டும். அதுக்குள்ள நான் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிருவேன்."

"நம்ம வீட்டுப் பொம்பளைக யாரும் வண்டி ஓட்டுனதில்ல மெஹராஜ்."

"ஜெயிலுக்கும் போனதில்லைங்க."

ஜப்பார் மறு செருப்பை மாட்டிக்கொண்டு கறி வாங்கப் போனார். சிரிப்பை அடக்கத் தெரு முனை வரை தலையைக் குனிந்தே நடந்தார். பைக்கை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரமே சாலைக் குறிகளைப் படித்துத் தேர்வெழுதி, மெஹராஜ் எல்.எல்.ஆர். வாங்கிவிட்டாள். அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நம் சட்டம் சாலையை ஒரே நாளில் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம். பிறகு எல் போர்டு மாட்டி ஒரு மாதமாவது பழக வேண்டும். அதுவரை தனியாக ஓட்டக் கூடாது. கற்றுக்கொடுக்கிறவர் கூட இருக்க வேண்டும். அவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். அந்த வீட்டில் லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆள் ஜப்பார்.

"நான் பின்சீட்டுலயா?" என்றார் அவர்.

"நான் சொல்லல. சட்டம் சொல்லுது."

காலை ஆறு மணிக்கு, ஆள் நடமாட்டம் இருக்காது என்று நம்பிக் கிளம்பினார்கள். ஆனால் டீக்கடைக்கு அதுதான் கூட்டமான நேரம். பெஞ்சில் பாத்திரக் கடை நூர் அகமது உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஜப்பார் பாய், பின்சீட்டுல சொகுசாப் போறீக! சேலையப் பிடிச்சுக்கங்க, விழுந்துறப் போறீக!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஜப்பார் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். மெஹராஜ் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, அலுங்காமல் நிறுத்தினாள்.

"அண்ணே, எல் போர்டுக்காரிக்குப் பின்னாடி லைசென்ஸ் உள்ளவகதான் உக்காரலாம். இவருக்கு இருக்கு. உங்களுக்கு இருக்கா?"

நூர் அகமது டீயை ஒரு மிடறு குடித்தார். "நான் முப்பது வருசமா மொபெட் ஓட்டுறேன் தங்கச்சி."

"நான் அதக் கேக்கலண்ணே."

இந்தத் தடவை பெஞ்சு இன்னும் பலமாகச் சிரித்தது. "போ, மெஹராஜ், போ" என்றார் ஜப்பார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, நிமிர்ந்தே உட்கார்ந்தார்.

ஒன்றரை மாதம் கழித்து ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் மெஹராஜ் எட்டுப் போட்டாள். வேகமாகப் போவது சுலபம். வண்டி தன் ஓட்டத்திலேயே சாயாமல் நிற்கும். மெதுவாகப் போய், இடமும் வலமும் வளைத்து, கால் ஊன்றாமல் வருவதுதான் கஷ்டம். அவள் கால் தரையைத் தொடவே இல்லை.

கீழே இறங்கியபோது வரிசையில், எல் போர்டு மாட்டிய மொபெட்டோடு, நூர் அகமது நின்றிருந்தார். டீக்கடைப் பேச்சு அவரை உறங்கவிடவில்லை போலும். லைசென்ஸ் உள்ள மச்சானைப் பின்னால் உட்காரவைத்து வந்திருந்தார். முப்பது வருஷ அனுபவம் எட்டுக்குள் நுழைந்து மூன்று இடத்தில் கால் ஊன்றியது. அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள்.

"தங்கச்சி," என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "கால ஊனாம எப்படித்தான் திருப்புன?"

"வீலப் பாக்காதீகண்ணே. அடுத்த வளைவப் பாக்கணும். பின் பிரேக்க லேசாப் பிடிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர் குடுக்கணும்."

"வாயால சொன்னா வெளங்கல. செத்த ஓட்டிக் காட்டேன்."

"நாளைக்கு ஆறு மணிக்குப் பேகம்பூர் கிரவுண்டுக்கு வாங்க. சொல்லித் தாரேன்." மெஹராஜ் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டாள். "ஆனா தனியா வந்தா சொல்லித் தர மாட்டேன். உங்க மக ஷமாவையும் கூட்டிக்கிட்டு வரணும். அவளுக்குப் பத்தொம்பது வயசாகுது. காலேஜுக்கு ரெண்டு பஸ் மாறிப் போறா."

நூர் அகமது சுற்றும் முற்றும் பார்த்தார். மச்சான் ஆளைக் காணோம். தனியாக ஓட்டவும் கூடாது. மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வாசல் வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"ஆறுன்னா, கரெக்டா ஆறுதானே?"