மாரெனின் மேடு

கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு. மாரென் காலையிலேயே ப்ளம் கேக்கைச் சுட்டு எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டாள். டார்ம்ஷ்டாட்டின் அந்த ஆய்வுக்குழுவில் யாருடைய முடிவுக்கு ஒப்புதல் கிடைக்கிறதோ அவர் கேக் கொண்டுவர வேண்டும். கிடைத்த பிறகுதான், முன்னால் இல்லை. மூன்று வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லை, என்ன செய்வது!

தங்க அணுக்கருக்களை மோதவிட்டு, ஒவ்வொரு மோதலிலும் எத்தனை புரோட்டான்கள் தெறிக்கின்றன என்று எண்ணுவது அவள் வேலை. எண்ணிக்கை மோதலுக்கு மோதல் கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கம் ஒரே ஒரு மோதல் ஆற்றலில் மட்டும் பெரிதாகி, அவள் வரைபடத்தில் மேடாக எழுந்து நின்றது. நீர் ஆவியாவதுபோல அணுக்கருப் பொருள் நிலைமாறும் இடம் அதுவாக இருக்கலாம். அக்டோபரில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த வேலைக்கு அவள் நம்பியிருந்தது அந்த மேட்டைத்தான்.

பதினொரு மணிக்கு எதிர் மேசை ஹென்னிங் நாற்காலியைத் திருப்பினான். கடைசிச் சோதனை அவன் பொறுப்பு. மேடே இல்லாத பொய்மோதல்களைக் கணினியில் உண்டாக்கி, கருவி பார்ப்பதுபோலவே பார்த்து எண்ண வேண்டும். அவன் முகம் சரியில்லை.

"மாரென், மேடு வருது."

"உளறாதே. வைக்காத மேடு எப்படிடா வரும்?"

"அந்த ஆற்றலுக்கு மட்டும் தங்க அணுக்கருக் கற்றையைத் தாராளமா விட்டோம்ல? கருவி திணறியிருக்கு. நெரிசல்ல பக்கத்துப் பக்கத்துப் புரோட்டான் தடத்தை ஒண்ணுன்னு எண்ணிடுது. நீ எல்லா மோதல்லயும் ஒரே அளவுதான் தவறும்னு வச்சுத் திருத்தியிருக்கே."

அவள் தன் கணினி நிரலைத் திறந்து பார்த்தாள். முதல் வருஷம் அவளே எழுதிய வரி அது. 'தற்காலிகம், பிறகு மாற்று' என்று பக்கத்தில் குறிப்புகூட இருந்தது.

"ஒரு வாரம் முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"இப்பதான் முடிஞ்சுது." ஹென்னிங் குரலைத் தணித்தான். "சோதனை இன்னும் ஓடுதுன்னு சொல்லிடறேன். இன்னிக்கு ஒப்புதலை வாங்கிடு. அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் கேக்கைப் பார்த்தாள். அழுகை வந்தது, அதைவிட எரிச்சல் வந்தது.

"நானும் அப்புறம்னு எழுதித்தானே இங்க வந்து நிக்கிறேன். சோதனை முடிவை எனக்கு அனுப்பு."

இரண்டு மணிக்கு அவளே கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். பிறகு தன் மேட்டையும் ஹென்னிங்கின் பொய்மோதல் மேட்டையும் திரையில் இரண்டு கோடுகளாகப் போட்டாள். இரண்டும் ஒரே இடத்தில் ஏறி, ஒரே இடத்தில் இறங்கின. பேராசிரியர் உல்ரிகே முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார்.

"இதுல எதும்மா உன்னோடது?"

மாரென் திரைக்கு அருகில் போய், விரலை உயர்த்தினாள். எந்தக் கோட்டில் வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.