அஞ்சு கரண்டு

புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான எம்.டி. செய்முறைத் தேர்வில் ஹெப்சி போன தடவை கோட்டைவிட்டது படிக்காததால் அல்ல. எதைக் கேட்டாலும் மடமடவென்று ஒப்பிப்பாள். நோயாளியிடமே சொல்லுங்கள் என்று தேர்வாளர் சொன்னதும் வாயடைத்து நின்றாள், அவ்வளவுதான். ஆறு மாதம் வீண். அம்மா ஞானஜோதி, தன் சர்ச் சபையில் எல்லாரையும் ஜெபிக்கச் சொல்லி, சிட்லபாக்கம் முழுக்கத் தெரியவைத்துவிட்டாள். இந்தத் தடவையும் போனால் எந்த முகத்தோடு ஆராதனைக்குப் போவது?

இம்முறை தேர்வில் அவளுக்கு விழுந்த நோயாளி முத்தாலம்மாள். கோவளம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிறவள். கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தது. பரீட்சைக்காக, பாவம், காலையிலிருந்து கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள்.

"எதிர்வூட்டு ஜோதிலட்சுமிக்கு இருவத்தஞ்சு கரண்டு வெச்சாங்கோ டாக்டரம்மா. எனக்கு அஞ்சுதான். ரெண்டு முடிஞ்சிட்ச்சி. வியாதி கம்மியா கீதுன்னுதானே அஞ்சோட வுடறீங்கோ?"

கதிர்வீச்சுக்கு அங்கே எல்லாரும் வைத்த பெயர் கரண்டு. ஜோதிலட்சுமிக்கு இருபத்தைந்து வைத்தது நோயை ஒழிக்க. இவளுக்கு ஐந்து வைப்பது வலியை அடக்க மட்டும். அட ஆண்டவரே, இந்த அம்மாள் தலைகீழாகப் புரிந்துகொண்டு சந்தோஷமாக அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்! ஹெப்சி பொதுவாகத் தலையை ஆட்டிவைத்தாள்.

தேர்வாளர் ஸ்ரீநிவாசராகவன் சிரிக்காத மனிதர். வந்தார், வரிசையாகக் கேட்டார், ஹெப்சி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு பேனாவை மூடினார்.

"ஏன் அஞ்சுதான்னு அவங்களுக்கே தமிழ்ல சொல்லுங்க டாக்டர். இதுக்கும் மார்க் இருக்கு."

போன தடவை நின்ற அதே இடம். ஹெப்சிக்குப் பயமாக இருந்தது. நோயாளிக்காக அல்ல, தனக்காக.

"அம்மா, இந்த அஞ்சும் முதுகு வலிக்குத்தான். வியாதிக்கு இல்ல."

"செரி. அப்போ வியாதிக்கு எப்போ வெப்பீங்கோ?"

"அதுக்கு வைக்க முடியாதும்மா. பரவிடுச்சு. வலி இல்லாம பாத்துக்குவோம்."

தடங்கலில்லாமல் சொல்லிவிட்டாள். மளிகைச் சீட்டைப் படிப்பதுபோல் இருந்தது அவளுக்கே.

"குட்," என்றார் தேர்வாளர்.

முத்தாலம்மாள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் எழுந்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் ஹெப்சி பாஸ். போனில் அம்மா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதாள்.

"எனக்கு ஒண்ணுமே தோணலம்மா. மரத்துப்போன மாதிரி இருக்கு."

"களைப்புடி. வர்ற வழியில ராஜகீழ்ப்பாக்கத்துல கேக் வாங்கிட்டு வா."

வாங்கினாள். வெட்டினாள். ஊட்டியதைத் தின்றாள். இனிப்பாக இருந்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை மூன்றாவது கரண்டுக்கு முத்தாலம்மாள் வரவில்லை. பதினொரு மணிக்கு ஹெப்சி அவள் மகன் கார்த்திக்குப் போன் செய்தாள்.

"வர்லங்குது டாக்டர். முதுகைப் புட்ச்சிக்கினு அயுவுது, ஆனா வர்லங்குது. வியாதிக்கு வெக்கறப்போ கூப்டச் சொல்லுது."

"ஐயோ, வலிக்காவது வைக்கணுமே! போனை அவங்ககிட்ட குடுங்க, நான் பேசறேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டுவிட்டு வந்தான்.

"வேணாமாம் டாக்டர். நேத்து நீங்க பேசினதே போதும்னு சொல்லுது."