வாசனை கூடாத இடம்

தப்பு தன் கையில் இல்லை என்று தெரிந்த காலையில் முட்டைக்காரர் இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்தார். கருத்தரிப்பு மருத்துவமனையின் ஆய்வகத்தில் கருமுட்டைகளை வாங்கிக் கழுவி, விந்தணுவைச் சேர்த்து, சூடு மாறாத பெட்டிக்குள் வைத்துக் காப்பது அவர் வேலை. முட்டைக்காரர் என்ற பெயர் நர்சுகள் வைத்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது அவரே தொலைபேசியில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

ஒரே பெண்ணுக்கு மூன்று தடவை அப்படி ஆகியிருந்தது. மாலையில் பெட்டிக்குள் வைக்கும்போது உருண்டையாக, தெளிவாக இருந்த முட்டைகள் காலையில் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. அதே பெட்டிக்குள் பக்கத்துத் தட்டுகளில் இருந்த மற்றவர்களுடைய முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தெரிந்தும் அவருக்கு மனது ஆறவில்லை. பெட்டியின் சூட்டைச் சந்தேகப்பட்டார், காற்றைச் சந்தேகப்பட்டார், கடைசியில் தன் விரல்களைச் சந்தேகப்பட்டார். கை நடுங்குகிறதா பார் என்று மனைவியிடம் நீட்டினார். "வெங்காயம் உரிச்சுக் குடுங்க, பாத்துச் சொல்றேன்" என்றாள் அவள்.

அந்தப் பெண்ணின் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து பார்த்ததில் காரணம் கிடைத்துவிட்டது. பானெக்சின் என்ற புரதத்தில் ஒரு பிழை. பெரிய டாக்டர் அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு அறுவை அரங்குக்குப் போயிருந்தார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. முட்டைகளைக் கண்ணால் பார்த்தவரிடம் பேச வேண்டும் என்று சொல்லி, ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் உள்ளே போனபோது அவளிடமிருந்து எந்த வாசனையும் வரவில்லை. சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய், எதுவுமே இல்லை. முதல் தடவை அவள் வந்திருந்தபோது, முட்டைகளுக்கு வாசனைத் திரவியம் ஆகாது, அதனால் நாங்கள் யாரும் பூசிக்கொள்வதில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஆய்வகத்துக்குள் இருக்கும் காற்றைப் பற்றித்தான் சொன்னார். அவளோ அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுவருக்கு வண்ணம் பூச வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினாள், கணவனின் வாசனைப் புட்டியைக் குப்பையில் போட்டாள். இன்றும் தன் அப்பாவை, சவரம் செய்து ஏதோ பூசிக்கொண்டு வந்ததற்காக, தாழ்வாரத்திலேயே உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

"டாக்டர் சொன்னது பாதிதான் புரிஞ்சுது சார்" என்றாள்.

அவர் தாளில் ஒரு வட்டம் வரைந்து, அதன் ஓரத்தில் சின்ன இடைவெளி விட்டார். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இப்படிக் கதவுகள் உண்டு என்றார். பெரும்பாலும் மூடியே இருக்கும். தேவைப்பட்டால் திறந்து, உள்ளே இருக்கும் சக்தியில் கொஞ்சத்தை வெளியே விட்டுப் பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்லும். சாகிற செல்கூட அந்த வழியாகத்தான், வந்து என்னை எடுத்துக்கொண்டு போ என்று கூப்பிடும்.

"எனக்கு?"

"உங்க முட்டையில அது மூடறதில்லம்மா. உள்ள இருக்கற சக்தியெல்லாம் ஒழுகிப் போயிடுது."

அவள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சோப்பு போட்டுக் குளிச்சிருக்கலாம்" என்றாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். தனக்கு விடுதலை என்று வந்த செய்திதான் இவளுக்குத் தீர்ப்பு என்பது அந்த இரண்டாவது தம்ளர் தேநீரின்போது ஏன் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டார். இன்னொரு பெண்ணின் முட்டையைத் தானமாகப் பெறலாம் என்று டாக்டர் சொன்னதை மெதுவாக நினைவுபடுத்தினார். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது அப்பா வழியா வந்திருக்கலாம்னாரு."

"வந்திருக்கலாம். ஆம்பளைங்ககிட்ட இருந்தா வெளியே தெரியாது. அவங்களுக்கு முட்டை கிடையாதே. உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காங்கல்ல, அவங்களும் ஒரு தடவை பாத்துக்கறது நல்லது."

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்ல வேணாம் சார். இத்தனை வருஷமா என் வீட்டுக்காரரைக் குத்திக் குத்திப் பேசிட்டிருக்காரு. தன்னாலதான்னு தெரிஞ்சா அப்படியே உக்காந்துடுவாரு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. பெரியவரின் வாசனை முதலில் வந்தது, பிறகு அவர் வந்தார். மகளின் பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

"எவ்வளவு நேரம்தான் கதவைப் பாத்துட்டே உக்காந்திருக்கறது? என்னவாம்?"

மகள் தாளை மடித்தாள்.

"எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி ஒரு குறை கிடையாது தம்பி" என்று பெரியவர் முட்டைக்காரரிடம் திரும்பினார். "ஒண்ணு மாப்பிள்ளையா இருக்கணும், இல்லன்னா உங்க பெட்டியா இருக்கணும். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்கதான் சொல்றீங்க."

அவள் நிமிர்ந்து முட்டைக்காரரைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. களைத்துப்போய், இனி உங்கள் பாடு என்று விட்டுவிட்ட பார்வை. அவர் தன் விரல்களைப் பார்த்தார். அவை நடுங்கவில்லை.

"பெட்டிதாங்க ஐயா" என்றார்.

பெரியவர் திட்டுவார் என்று காத்திருந்தார். பெரியவரோ நாற்காலியில் மெல்ல அமர்ந்தார். வெகுநேரம் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டவர் மாதிரி இருந்தது. எழுந்திருக்கும்போது முட்டைக்காரரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"மெஷின்தானே தம்பி. மாத்திடலாம்."

அப்பாவும் மகளும் தாழ்வாரத்தில் நடந்து போனார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் அப்பாவின் தோளிலிருந்து பையை வாங்காமல், தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவர் சட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள்.

ஆய்வக வாசலில் முட்டைக்காரர் கை கழுவும் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே யாருடைய முட்டைகளோ காத்திருந்தன. கையில் பெரியவரின் வாசனை ஒட்டியிருந்தது, எலுமிச்சையும் வேறு எதுவோ கலந்த மலிவான வாசனை. கழுவாமல் உள்ளே போக முடியாது. மணமில்லாத சோப்பை இடது கையில் எடுத்தார். வலது கை குழாயின் மேல் இருந்தது. அதைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.