வடிகட்டிப் பையின் பழுப்பு

வெள்ளிக்கிழமை காலை பாசி அறைக் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் வரிசையாக நிற்கும் முப்பது குடுவைகளும் பாசியால் கடுங்காப்பி நிறத்தில் இருக்க வேண்டும். எல்லாம் வெறும் தண்ணீராக நின்றன. அடியில் மட்டும் சாம்பல் போல ஒரு படிவு.

வேம்பாருக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஹேச்சரி. இறால் குஞ்சு பொரிக்கும் இடம். பாசி அறையைப் பார்த்துக்கொள்வது ஸ்டெபி. குடுவை கழுவுவது, தண்ணீர் நிரப்புவது, கடலிலிருந்து வரும் குழாயின் வடிகட்டிப் பையை அலசுவது என் வேலை.

ஸ்டெபி வந்து ஒரு குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு இன்னொன்றை. அலமாரியில் இருந்த சின்னக் குடுவைகளையும் பார்த்தாள். தயிருக்கு உறைமோர் போல, அடுத்த பாசி வளர்க்க அவைதான் உறைக்கு வைத்திருப்பவை. ஒன்றிலும் நிறம் இல்லை.

"ஏளா இசக்கி, இது என்னளா? நேத்துத்தானே எல்லாம் புதுத் தண்ணிக்கு மாத்துனோம்?"

நான் தலையை ஆட்டினேன்.

பக்கத்துக் கூடத்தில் முப்பது லட்சம் குஞ்சுகள் இருந்தன. பொரித்து வந்த குஞ்சு முதலில் எதுவும் தின்னாது; கூடவே கொண்டுவந்த மஞ்சள் கருவில் நீந்திக்கொண்டிருக்கும். அது தீர்ந்ததும் வாய் திறக்கும். அப்போது மூக்குக்கு நேரே பாசி மிதக்க வேண்டும். தேடிப் போய்த் தின்ன அதற்குத் தெரியாது. இந்தக் குஞ்சுகள் சனிக்கிழமை மத்தியானம் வாய் திறக்கும். அதற்குள் பாசி இல்லையென்றால் சாயங்காலம் செத்துத் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

"வா, சங்கரம்மாக்கா கிட்ட கேப்போம்" என்றாள் ஸ்டெபி.

சங்கரம்மாள் அக்கா அடுத்த ஹேச்சரியின் பாசி அறைக்காரி. தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, அறை வாசலில் மாட்டிய அம்மன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இருபது கேன்களில் பாசி கடுங்காப்பி நிறத்தில் பழுத்து நின்றது.

"மாதா கோயில் பிள்ளை இந்தப் பக்கம் வந்திருக்கு. என்ன சேதி?"

ஸ்டெபி சொன்னாள். அக்கா கேட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன கிழமை?" என்றாள்.

"வெள்ளி."

"பொறவு?"

"எக்கா, நாங்க என்ன உறைமோரா கேக்கோம்? ரெண்டு கேன் பாசிக்கா."

"பாசிக்கு உசிர் இல்லியா? வெள்ளிக்கிழமை வளருத உசிரத் தூக்கி வெளிய குடுக்க மாட்டேன். போன வருசம் ஒருத்தன் கெஞ்சுதானேன்னு குடுத்தேன். மறு வாரமே எம் பாசி அத்தனையும் வெளுத்துப் போச்சு."

"அது கிழமையால இல்லக்கா. ஒங்க ஏசி ரிப்பேராச்சு."

"ஏசி ஏன் அந்த வாரம் பாத்து ரிப்பேராச்சு?"

ஸ்டெபி திரும்பி நடக்கப் பார்த்தாள்.

"கோவிச்சுக்கிடாதளா. நாளைக்கு விடியட்டும், நானே தூக்கிட்டு வாரேன்."

நாளை விடிந்து கொடுத்தால் பயன் இல்லை. இரண்டு கேன் பாசி ஒரு தொட்டியை நிரப்பப் பெருகுவதற்கு ஒரு முழு நாள் வெயில் வேண்டும். எங்களுக்கு இருந்தது இந்த ஒரு நாள் வெயில்தான்.

கரையோரமாகவே திரும்பி நடந்தோம். பங்குனிக் கடல், அலையே இல்லை. ஸ்டெபி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். முதலாளி சார் கேட்டால் என்ன சொல்வது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். பழி அவள் மேல்தான் விழும்.

"எக்கா" என்றேன். "நாந்தான்."

அவள் நின்றாள்.

கடல் தண்ணீரைத் தொட்டியில் பிடித்ததும் கிருமி சாகக் குளோரின் போடுவோம். பிறகு குளோரினை முறிக்க ஹைப்போ போடுவோம். கடைசியில் ஒரு குப்பித் தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்போம். மஞ்சளாக மாறினால் குளோரின் இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமை நான் அந்த இரண்டு சொட்டை விடவில்லை. தொட்டிப் பக்கத்தில் ஹைப்போ காலிக் கவர் கிடந்தது. போட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அது செவ்வாய்க்கிழமைக் கவர். குளோரின் தண்ணீரை முப்பது குடுவைக்கும் சின்னக் குடுவைகளுக்கும் நானே ஊற்றினேன்.

இதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. ஸ்டெபி கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். சொல்லாமல் இருந்தால் முதலில் சொன்னதற்கும் அர்த்தம் இல்லை. "நீங்க சாப்பிடப் போற நேரம் மைக்ராஸ்கோப்பத் தொறந்து பாப்பேன்."

"எதுக்கு?"

"வடிகட்டிப் பையில தெனமும் பழுப்பா வழவழன்னு ஒட்டியிருக்கும்லா. அதப் பாத்தேன். நம்ம குடுவையில இருக்கதுதான் அது."

கண்ணாடிப் பெட்டிகள் போல இருக்கும். ஒன்றின் காதை ஒன்று பிடித்துக்கொண்டு சங்கிலி சங்கிலியாக. நடுவில் படகு மாதிரி சில, காசு மாதிரி சில. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பொன் பழுப்புத் துளி. அந்தத் துளிதான் வெயிலைத் தின்கிறது. கடலுக்குப் புல் அதுதான். நெத்திலியும் சிப்பியும் நண்டுக் குஞ்சும் அதை மேய்கின்றன. அவற்றைச் சீலா மீன் தின்கிறது. சீலாவை நாம் தின்கிறோம். தினம் காலை ஏழு மணிக்கு நான் அதைச் சாக்கடையில் அலசி விட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டெபி என்னைப் பார்த்தாள். "இன்னிக்குப் பைய அலசிட்டியா?"

"இல்ல. இன்னும் குழாய்லதான் கெடக்கு."

"சாயங்காலம் திட்டுதேன். இப்ப ஓடு."

பையை இந்த முறை சாக்கடையில் அலசவில்லை, வாளியில் அலசினேன். கூட வந்த கடல் பூச்சிகள் பாசியைத் தின்றுவிடும் என்று ஸ்டெபி வலைத் துணியில் வடித்தாள். வெயிலில் நிற்கும் வெள்ளைத் தொட்டியில் குளோரின் படாத கடல் தண்ணீரை நிரப்பினோம். அதில் நான் மூன்று முறை சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. பாசிக்கு உரமாக யூரியாவும் பாஸ்பேட்டும் போட்டோம். அது கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ள சிலிக்கேட்டும் போட்டு, காற்றுக் குழாயை இறக்கி, வாளியைக் கவிழ்த்தோம். தண்ணீரில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

"இது கூடலேன்னா?" என்றேன்.

"கூடலேன்னா சார்கிட்ட நம்ம ரெண்டு பேரும் சேந்து போவோம்."

அவள் 'நம்ம' என்றது மனதில் நின்றது.

பாசி பெருகுவது கண்ணுக்குத் தெரியாது. ஒன்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு நாலாகும், அவ்வளவுதான். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டிச் சுவரில் ஊசிமுனை அளவு குமிழிகள் ஒட்டியிருந்தன. காற்றுக் குழாய் எட்டாத மூலையிலும் இருந்தன. நாம் இழுக்கும் மூச்சில் கிட்டத்தட்டப் பாதி கடல் பாசிகள் விட்டது என்று பாசி அறைச் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. எழுதுகிறவர்கள் எதையாவது எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். விரலால் ஒரு குமிழியைத் தொட்டேன். கழன்று மேலே போய் வெடித்தது.

சனிக்கிழமை விடிந்தபோது தண்ணீர் மோர் மாதிரி லேசாகக் கலங்கியிருந்தது. எட்டு மணிக்கு வைக்கோல் நிறம். அப்போது சங்கரம்மாள் அக்கா இடுப்பில் ஒரு கேனும் கையில் ஒரு கேனுமாக வந்தாள்.

"சனிக்கிழமை ஆயிட்டு. புடி" என்றவள் தொட்டியைப் பார்த்துவிட்டாள். "ஏளா! வெள்ளிக்கிழமை ஒங்களுக்கு உறை குடுத்த புண்ணியவதி யாரு?"

"கடல்ல இருந்து எடுத்தோம்க்கா. இசக்கிதான் சொன்னா" என்றாள் ஸ்டெபி.

அக்கா குனிந்து மோந்து பார்த்தாள். உள்ளங்கையில் எடுத்து வெயிலில் காட்டினாள். "கடலுக்கு ஏது நாளும் கெழமையும்" என்று முனகிவிட்டு, கேன்களை வைத்துவிட்டு, ஒரு செம்பு கேட்டாள். "இதுல கொஞ்சம் தா. வெறுங்கையோட போகக் கூடாது."

பதினொன்றரைக்குத் தொட்டி பழுத்தது. குடம் குடமாகக் கூடத்துக்குச் சுமந்தோம். குஞ்சுகள் தூசி போல வெளிச்சத்தில் துள்ளிக்கொண்டிருந்தன. ஊற்றிவிட்டு இரண்டு மணி வரை காத்திருந்தோம். ஸ்டெபி சாப்பிடவே இல்லை.

பிறகு ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பை என் பக்கம் தள்ளினாள்.

"பாரு. எனக்குத் தெரியாமப் பாக்கத் தெரியுது, தெரிஞ்சு பாக்கத் தெரியாதோ?"

குனிந்தேன். முதலில் மங்கல். திருகைத் திருப்பினேன். கண்ணாடி போன்ற ஒரு குஞ்சு, கால்களை அடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. உடம்பின் நடுவே பழுப்பாக ஒரு கோடு. வாலுக்குப் பின்னால் அதே பழுப்பில் நீளமாக ஒரு நூல், காற்றில்லாத நாளின் பட்டம் போலத் தொங்கிக்கொண்டு வந்தது.

"பேண்டிருக்கா?" என்றாள் ஸ்டெபி.

"பேண்டிருக்கு."

"நூலு அறுந்திருக்கா, நீளமா இருக்கா?"

"அதோட உடம்ப விட நீளம்."

நூல் நீண்டால் குஞ்சு வயிறு நிறையத் தின்கிறது என்று அர்த்தம். அவள் இன்னும் நாலு சொட்டு வைத்தாள். நாலிலும் நூல் இருந்தது. எல்லாம் பார்த்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஒரு வாய் தின்றாள்.

"சரி, இப்ப இங்கன வா" என்றாள். "அந்த ரெண்டு சொட்டப் பத்திப் பேசுவோம்."