சுவரில் ஒட்டாத சாவு

எங்கள் ஊரில் யார் செத்தாலும் டாக்டருக்கு அடுத்தபடியாகத் தகவல் வருவது எனக்குத்தான். தென்காசி பஸ் நிலையத்துக்குப் பின்னால் போஸ்டர் அச்சடிக்கிறேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் உண்டு என்றாலும் கடை ஓடுவது கண்ணீர் அஞ்சலியில். போட்டோ வாட்ஸ்அப்பில் வரும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நிற்கிற ஆளைத் தனியே வெட்டியெடுத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, தோற்றம், மறைவு தேதி போட்டு, பேரன் பேத்தி வரைக்கும் பெயர் சேர்த்து ரெண்டு மணி நேரத்தில் கொடுத்துவிடுவேன். உயிரோடு இருக்கும்போது ஒரு வாய் காப்பி தராத மருமகன்கூடத் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்வான்.

ஆகவே 2020 ஜூலைக் கடைசியில் கிருஷ்ணபிரசாத் எங்கள் வட்டார வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரைபடம் போட்டபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் ரத வீதி சங்கரசுப்பிரமணியன் சாரின் மகன். பெங்களூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் எத்தனை பேர் சாவார்கள் என்று முன்கூட்டிக் கணக்குப் போடுவதுதான் உத்தியோகம். கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்கு வந்து, மாடியில் உட்கார்ந்து, அதையே எங்களுக்கும் போட்டுக் காட்டினான். செப்டம்பர் முடிவதற்குள் எங்கள் மாவட்டத்தில் முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் பேர் வரை சாகலாமாம். எல்லாரும் வீட்டிலேயே இருந்தால் குறையுமாம்.

முந்நூறிலிருந்து தொள்ளாயிரம்! பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய்க்கு இப்படி விலை சொன்னால் கூடையைத் தூக்கிச் சொன்னவன் தலையிலேயே கவிழ்த்துவிடுவார்கள். இவன் யாருக்காகச் சொல்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சாரல் விழுந்து ஐந்தருவி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஊரடங்கென்று அடைத்து வைத்ததில் குளிக்க ஈ காக்கை இல்லை. கடைக்காரர்கள் நொடித்துப் போனதும் மொத்த இடத்தையும் வளைக்க எவனோ பெரிய கை காத்திருக்கிறான், அவன் பணம்தான் இந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்றாள் என் மனைவி. அவளுக்கு என்ன தெரியும்.

நானும் ஒரு கணக்குப் போட்டேன். போன வருஷம் ஜூலையில் நான் அடித்த சாவுப் போஸ்டர் நாற்பத்தொன்று. இந்த ஜூலையில் பத்தொன்பது. இரண்டையும் குழுவில் போட்டேன். கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. ஐந்தருவிக் கடைக்காரர்கள் சங்கத்துச் செயலாளர் இசக்கிராஜா அதை உடனே பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி சொல்லுததுதான்வே கணக்கு. சாவு பாதியாக் கொறஞ்சிருக்கு. பொறவு எதுக்கு அருவிய அடைச்சி வச்சிருக்காக?”

கிருஷ்ணபிரசாத் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “அண்ணாச்சி, போஸ்டர் ஒட்டாத சாவு எத்தன இருக்கும்?”

“தம்பி, நம்மூர்ல போஸ்டர் ஒட்டாம எவன் செத்திருக்கான்?” என்று எழுதினேன். குழுவே சிரித்தது. அவன் அப்புறம் ஒன்றும் எழுதவில்லை. அன்றைக்கு நான் இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் சுரண்டையிலிருந்து தங்கை உமாராணி போன் செய்தாள். அவள் புருஷன் முத்துச்செல்வம் ஐந்தருவியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவர். இந்த வருஷம் சீசனே இல்லை என்பதால் பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் எடை போடக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு.

“அண்ணே, போகட்டுமான்னு கேக்காக. எனக்குப் பயமா இருக்கு. அந்தப் பையன் என்னமோ தொள்ளாயிரம்னு சொல்லுதானே. நீ சொன்னாத்தான் அனுப்புவேன்.”

“ஏட்டி, சாவு யார் கைக்கு வருது? அவன் கைக்கா, என் கைக்கா? மாப்பிள்ளைய தைரியமாப் போகச் சொல்லு.”

போனார்.

அந்த வாரமே உமாராணியின் தெருவில் இருக்கிற இராமலட்சுமி, அப்பா இறந்துவிட்டதாகப் போட்டோ அனுப்பினாள். சட்டை மாட்டி முடிப்பதற்குள் போன் வந்தது. “வேண்டாம் அண்ணாச்சி, விட்டுருங்க.” ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி செய்தார்கள். எவனோ விலையைக் குறைத்து என் கிராக்கியை இழுக்கிறான் என்று சந்தேகம் வந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு சுரண்டைக்கே போய்ச் சுவர் சுவராகப் பார்த்தேன். பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, டிரான்ஸ்பார்மர், எங்குமே புதுப் போஸ்டர் இல்லை. அப்படியானால் ஒட்டிய சூட்டோடு எவனோ கிழிக்கிறான் என்று முடிவு கட்டினேன். கிழிக்கச் சொல்வது யார் என்பதுதான் பிடிபடவில்லை. வேறு மாதிரியும் எனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

சந்தைக்குப் போன பதினோராம் நாள் முத்துச்செல்வத்துக்குக் காய்ச்சல். எனக்குச் சொல்லவில்லை. மழையில் நனைந்தது என்று கஷாயம் குடித்திருக்கிறார். ஐந்தாம் நாள் காலையில் மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் போனபோது நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சுவலி என்று உமாராணி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் எட்டுப் பேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். மாப்பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான். இரண்டு கையிலும் மங்குஸ்தானை வைத்துக்கொண்டு அவர் சிரிக்கிற படம் என்னிடம் இருந்தது. பிறந்த தேதி கேட்க உமாராணியைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, போஸ்டர் கீஸ்டர் போட்டுறாதே.”

“என்னட்டி சொல்லுத? மாப்பிள்ளைக்குப் போடாமலா?”

“போட்டா நாலு பேரு கேப்பாக. சந்தைக்குப் போனவுகன்னு தெரிஞ்சா தெருவத் தகரம் வச்சி அடைச்சிட்டு எங்கள கொரோனா முகாமுக்கு ஏத்திட்டுப் போயிருவாக. எம்மக ப்ரீதாவப் பொண்ணு கேட்டு வந்தவுக பொறவு இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பாகளா?” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இப்பத்தான் இராமலட்சுமி அக்கா வந்து காதுல சொல்லிட்டுப் போறா. அவ அப்பாக்கும் இதே மூச்சுத்தானாம். தகரத்துக்குப் பயந்துதான் உங்கிட்ட வேண்டாம்னு சொன்னாளாம். எங்க தெருவுல மட்டும் மூணு பேராம் அண்ணே. ஒருத்தருக்கும் போஸ்டர் போடல.”

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

“அக்காவோட அப்பா செத்தப்பவே இவுகள வேலைக்குப் போகாம நிறுத்தணும்னு மனசு அடிச்சிக்கிட்டுது. உன் கணக்கப் பாத்துட்டுத்தான் பேசாம இருந்தேன்,” என்றாள். அவள் திட்டியிருக்கலாம். திட்டாமல் போனை வைத்தாள்.

அரை மணி நேரம் கழித்து இசக்கிராஜா குழுவில் எழுதினார்.

“அண்ணாச்சி, இந்த வாரக் கணக்கு எத்தன? நாளைக்கு அதிகாரியப் பாத்து அருவியத் திறக்கச் சொல்லப் போறோம். உங்க கணக்குத்தான் எங்களுக்கு ஆதாரம்.”

அந்த வாரம் நான் அடித்தது நாலு. உள்ளதைச் சொன்னால் உமாராணியின் வாசலில் தகரம் இறங்கும். நாலு என்று சொன்னால் இன்னொருத்தி என்னை நம்பித் தன் புருஷனை வேலைக்கு அனுப்புவாள். கிருஷ்ணபிரசாத் ஆன்லைனில் இருக்கிறான் என்று போன் காட்டியது. அவன் எதையாவது கேட்டுவிட்டால் எப்படியாவது வாயைத் திறந்துவிடுவேன் என்று காத்திருந்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அவன் கேட்கவில்லை.

“நாலு” என்று அனுப்பினேன்.