ரொசவுரா வெட்டிய கேக்

1.
இந்தக் கதை ஒரு காலித் தகர டப்பாவில் பிறந்தது. ஸ்பானியம் பேசும் நாட்டில் வெல்ஷ்காரர்கள் கடல் தாண்டி வந்து குடியேறிய ஊர் கைமான்; அங்கே என் பக்கத்து வீடு மெரெரிடின் தேநீர் விடுதி. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். முதலில் எழுதிய தொடக்கம்: "பாலைக்காற்று பாப்லர் மரங்களை..." வேண்டாம். இங்கே காற்று எப்போதும்தான் அடிக்கிறது.

2.
மெரெரிடின் மகன் இதேலுக்குத் தூரத்து ஊரான கொமொதோரோவில் எண்ணெய்க் கிணற்று வேலை. போன வருடம் நாட்டின் வடக்கிலிருந்து வந்த ரொசவுராவைக் கட்டிக்கொண்டான்; அவள் இருப்பது மாமியார் வீட்டில். எங்கள் வெல்ஷ் வீடுகளில் கல்யாணக் கறுப்புக் கேக்கின் மேல் அடுக்கை டப்பாவில் மூடி வைப்போம். முதல் ஆண்டு நிறைவன்று தம்பதி சேர்ந்து சாப்பிட வேண்டும். (கெடாது. உள்ளே இருக்கும் ரம் பார்த்துக்கொள்ளும். பாதிரியார் கேட்டால் அது ரம் இல்லை.)

நிறைவுக்கு முந்தின நாள், கடற்கரையில் பென்குயின் பார்த்துவிட்டு ஒரு சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் தேநீருக்கு வந்து இறங்கியது. கேக் தீர்ந்துபோனது. மெரெரிட் பால் வாங்கப் போயிருந்தாள். ரொசவுரா அலமாரியில் டப்பாவைக் கண்டாள், வெட்டினாள், பரிமாறினாள். ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

3.
மாமியார் மேலிருந்த கோபத்தில் வேண்டுமென்றே அவள்... என்று ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். டப்பாவைப் பற்றி அந்த வீட்டில் வருடம் முழுக்கப் பேச்சுதான். அவள் எதிரிலேயே, ஆனால் வெல்ஷில். அவளுக்குத் தெரிந்தது ஸ்பானியம் மட்டும். மகன் சொல்லியிருப்பான் என்று தாயும், தாய் சொல்லியிருப்பாள் என்று மகனும் இருந்துவிட்டார்கள்.

(அடிக்குறிப்புக்கு ஒதுக்கியது: மெரெரிட் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாளா? சொல்லிவிட்டால் மருமகளும் வீட்டுக்காரி ஆகிவிடுவாளே. எனக்கு இதில் கோபம் உண்டு.)

"எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர," என்றாள் ரொசவுரா. "நாளைக்கு அவர் முன்னாடி பழி என் மேல விழுந்தா, நான் எங்க ஊருக்கே போயிடறேன் அத்தை."

4.
இதேல் வந்தான். முடிவு ஒன்று: டப்பாவில் புதுக் கேக் இருக்கிறது. நடக்காது. ஒரு வருடம் ஊறிய ருசி அவனுக்குத் தெரியும். முடிவு இரண்டு: இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்கிறார்கள். சினிமா.

நடந்ததைச் சொல்கிறேன், நானும் அங்கே இருந்தேன். மூடியைத் திறந்தவன், "யாரும்மா இதைக் காலி பண்ணினது?" என்று வெல்ஷில் கேட்டான். ரொசவுராவுக்குக் கேள்வி புரியவில்லை, அவன் முகம் புரிந்தது. மாமியாரையே பார்த்தாள்.

மெரெரிட் வாயைத் திறந்தாள். என்ன சொன்னாள், அதை எந்த மொழியில் சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் எனக்குத் தேநீர் இலவசம். என் சாட்சி செல்லாது.