உள்பக்கம் இல்லாத கழுத்துக் கம்பளி

அந்த வருடத்துக் குளிர்காலம் மொத்தமும் ரயில் நிலைய அறிவிப்பாளரின் கழுத்தில் வந்து இறங்கியது. ஊரில் வேறு யாருக்கும் அது துளிக் குளிரைக்கூட மிச்சம் வைக்கவில்லை. காலண்டரில் மாதங்கள் தம் பாட்டுக்குக் கிழிந்துகொண்டிருக்க, மக்கள் அரைக்கைச் சட்டையோடு நடமாடினார்கள். போர்வைக் கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். மின்விசிறி பழுது பார்ப்பவருக்கு மட்டும் சாப்பிட நேரமில்லை. அறிவிப்பாளருக்கோ காது மடலுக்குக் கீழே தொடங்கித் தோள் வரைக்கும் வெண்பனி படிந்திருந்தது. தினமும் சவரம் செய்வதற்கு முன் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. மருத்துவர் அவர் அக்குளில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. கழுத்தில் வைத்துப் பார்த்தார், பாதரசம் அடியில் போய் ஒளிந்துகொண்டது. "உடம்புக்கு ஒண்ணும் இல்ல, கழுத்துக்கு மட்டும்தான் குளிர்காலம்" என்று சொல்லி, வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். கூட வேலை பார்ப்பவர்கள் முதலில் பாவப்பட்டார்கள். பழகிப்போன பிறகு, தண்ணீர் பாட்டிலை அவர் பிடரியில் கொஞ்ச நேரம் சாய்த்து வைத்துவிட்டு எடுத்துக் குடித்தார்கள்.

குளிர் தொண்டைக்குள் இறங்கிக் குரலைப் பிடித்துக்கொண்ட பிறகு யாருக்கும் விளையாடத் தோன்றவில்லை. வாயைத் திறந்தால் வெள்ளையாக ஆவி வந்தது, சத்தம் வரவில்லை. அந்தக் குரல் சாதாரணக் குரல் இல்லை. வண்டி தாமதம் என்று அவர் சொன்னால்கூட நல்ல சேதி கேட்ட மாதிரி தலையாட்டிவிட்டு, பயணிகள் இன்னொரு டீ வாங்கப் போவார்கள். நிலைய மேலாளர் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தது. மாதக் கடைசிக்குள் குரல் வரவில்லை என்றால் அறிவிப்பு அறையில் இயந்திரக் குரலைப் பொருத்திவிட்டு, அறிவிப்பாளரைப் பார்சல் கொட்டகைக்கு மாற்றும்படி உத்தரவு வந்தது. மேலாளர் அதை அவரிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் மேஜை மேலிருந்த குண்டூசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இதில் அறிவிப்பாளரின் மனைவிக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. கணவருக்குக் குரல் போன விஷயம் அவளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் நாத்தனார் போன் பண்ணிச் சொல்லித்தான் தெரிந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். நாளெல்லாம் இயந்திரத்தின் கிறீச்சொலியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் காது கொஞ்சம் சும்மா இருக்கட்டும் என்றிருக்கும். அவரோ ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் பகல் முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டு வருவார். சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் ஒருவர் களைப்பை ஒருவர் மதித்து வாயை மூடிக்கொண்டார்கள். அப்படியே வருடங்கள் ஓடி, பேசாமல் இருப்பதே அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. ஆனாலும் குரல் போனதுகூடத் தெரியாத வீட்டில்தானா குடித்தனம் நடத்துகிறோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. யார் மேல் என்று தெரியாமல் கோபமும் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அலமாரியின் அடித்தட்டிலிருந்து கம்பளி பின்னும் குரோஷா ஊசியை எடுத்தாள்.

கடையில் வாங்கிய மஃப்ளர்கள் அதற்குள் தோற்றுப்போயிருந்தன. காலையில் கட்டிவிட்டால் மதியத்துக்குள் அட்டையாக விறைத்துக்கொள்ளும்; கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தால் நிற்கும். அவள் கெட்டிக் கம்பளி நூல் வாங்கி, நெருக்கமான கண்களாகப் போட்டு, மொழுமொழுவென்று ஒரு பட்டை பின்னினாள். கண்ணாடித் தொழில் செய்கிறவள் கையில் மேடு பள்ளம் எப்படி வரும்? அதுவும் சாயங்காலத்துக்குள் விறைத்தது. நாத்தனார் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் சிரித்தால் தெருமுனையில் போகிறவன் ஒதுங்குவான் என்பதால் ஊரில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். அவள் வந்து அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன அண்ணி, புது ரோடு மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க? குளிர் நேரா வழுக்கிட்டு உள்ள வந்துடும். வேகத்தடை வைங்க."

பேச்சு கிண்டல்தான், ஆனால் அதில் விஷயம் இருந்தது. மனைவி குமிழ்ப் பின்னலுக்கு மாறினாள். ஒரே கண்ணில் ஐந்து முறை நூலை ஏற்றி, ஒன்றையும் முடிக்காமல் ஊசியிலேயே வைத்திருந்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் சேர்த்துக் கட்டினால் பட்டாணி போல ஒரு குமிழ் புடைத்துக்கொண்டு நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும். அவளுக்கோ ஒவ்வொரு குமிழும் காற்றுப் போன டயராகச் சப்பிக்கொண்டு கிடந்தது. நூலை மாற்றினாள், ஊசியை மாற்றினாள், உட்காரும் நாற்காலியைக்கூட மாற்றினாள். அறிவிப்பாளர் எதிரே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்திலிருந்து மெல்லிய குளிர் வந்து அவள் விரல் நுனிகளை மரக்க வைத்தது.

அடுத்த முறை ஹாரன் வந்தபோது, ஒரு பயணி தன் மாமியாரைப் பேருந்திலேயே மறந்துவிட்டு இறங்கிப்போன கதையைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த நேரத்தில் இவள் ஊசியில் இருந்த குமிழ் கொழுகொழுவென்று எழும்பி நின்றது. தொட்டால் சூடாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. நாத்தனார் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். உடனே குமிழ் சப்பிவிட்டது. திரும்பி வந்து பேசினாள், எழும்பியது. விஷயம் இவ்வளவுதான். குமிழுக்குள் போவது அந்த நேரம் அறையில் இருக்கும் காற்று. அந்த வீட்டுக் காற்றில் அடைத்து வைக்க ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கிறது.

ஹாரனுக்கு வேலை இருந்தது, தினமும் வந்து சிரித்துக்கொண்டிருக்க முடியாது. கணவருக்கோ குரல் இல்லை. மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான். பின்னியதையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் பின்னலின் முதல் வரிசையான சங்கிலியைப் புதிதாகப் போட ஆரம்பித்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசவும் ஆரம்பித்தாள். ரொம்ப நாளாக ஓட்டாத சைக்கிள் மாதிரி பேச்சு முதலில் தள்ளாடியது. கடையில் ஒருவர் தன் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே தொலைந்துவிட்டது என்று சண்டை போட்டதைச் சொன்னாள். முதலாளியின் கஞ்சத்தனத்தைச் சொன்னாள். அறிவிப்பாளர் சுவரை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது, வாயிலிருந்து ஆவி விட்டு விட்டு வந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தச் சந்தோஷத்தில் சங்கிலியின் இரண்டு முனைகளையும் இணைத்து வளையமாக்கி, சரிபார்க்காமல் மேலே பின்னிக்கொண்டே போனாள்.

குரோஷா பிடித்த யாரும் முதலில் கற்றுக்கொள்வது, முனைகளை இணைக்கும் முன் சங்கிலி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதைத்தான். அவள் பார்க்கவில்லை. மாதக் கடைசி நெருங்கியபோது, முக்கால்வாசி முடிந்த வளையத்தை மடியில் விரித்தாள். அது விரிய மறுத்தது. விரலை உள்பக்கத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே போனால் விரல் வெளிப்பக்கத்தில் இருந்தது. மேலும் நகர்த்தினால் மறுபடி உள்ளே. வளையத்துக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டே கிடையாது. ஒரே பக்கம்தான் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சுற்று முடிக்க இரட்டிப்பு நேரம் ஆகிறதே என்று நடுவில் ஒருதரம் நினைத்தாள்தான். பேச்சு ருசியில் விட்டுவிட்டாள்.

"பிரிச்சிடுங்க அண்ணி" என்றாள் ஹாரன். "தப்பான ரூட்ல எவ்வளவு தூரம் போனாலும் அது தப்பான ரூட்தான்."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊசியை வைத்துவிட்டு நூலை இழுத்தாள். கடைசியாகப் போட்ட குமிழ் அவிழ்ந்தது. அதற்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"உங்களுக்குத் தெரியாது. லீவு நாள்ல நான் ஸ்டேஷனுக்கு வருவேன். ஒலிபெருக்கிக்குக் கீழ ஒரு பெஞ்ச் இருக்குல்ல, அங்க உக்காந்து நீங்க பேசறத கேட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவேன்."

முந்தின நாள் அவள் சொன்னது. தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருந்தாள். குரல் அறையில் ஒரு கணம் நின்றது. பிறகு ஆவியாகிப் போய்விட்டது. கையில் இருந்த நூல் சில்லிட்டது. அறிவிப்பாளர் எழுந்து வந்தார். மனைவியின் கையிலிருந்து நூல் முனையை வாங்கி, இனி இழுக்காதே என்பது போல, அவள் விரலிலேயே சுற்றிவிட்டார். அவள் அழுதாள். அழுதுகொண்டே அந்தக் குமிழை மறுபடி போட்டாள். தப்போ சரியோ, இப்படியேதான் இது முடியப்போகிறது என்று சொல்லிவிட்டாள்.

முடிந்த அன்று காலை, சமையலறையில் நின்றபடி அதை அவர் தலை வழியாக மாட்டிவிட்டாள். முறுக்கு தாடைக்குக் கீழே கோணலாக விழுந்தது. பார்க்க அழகாக இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. குளிர் வழக்கம்போல் கம்பளிக்குள் புகுந்து உள்பக்கத்தைத் தேடிக் கிளம்பியது. குமிழ்களின் மேல் வெண்பனி ஓடுவது கண்ணுக்கே தெரிந்தது. உள்ளே நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்து, மறுபடி வெளியே வந்தது. ஒவ்வொரு குமிழின் சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தும் போனது. புது ஊரில் விலாசம் தேடி அலைகிறவனைப் போலச் சுற்றிச் சுற்றி அலுத்து, கடைசியில் திறந்திருந்த ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. அறிவிப்பாளர் தன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெளிய வந்திருப்பேனே" என்றார். "நானும் அந்த பெஞ்ச்ல உன் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"நீங்க வந்துட்டா அப்புறம் மைக்ல யாரு பேசறது?" என்றாள் அவள்.

ஜன்னல் வழியாகப் போன குளிர், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரேயடியாக ஊர் மேல் கொட்டியது. அவர் நிலையத்துக்கு நடந்து போவதற்குள் தெருவில் பற்கள் கிட்டித்தன, பெட்டிகளிலிருந்து நாப்தலின் வாசத்தோடு ஸ்வெட்டர்கள் வெளியே வந்தன, போர்வைக் கடைகளில் கதவைச் சாத்த முடியவில்லை. தண்டவாளம் மூடுபனியில் காணாமல் போனது. அன்று காலைதான் பொருத்தியிருந்த இயந்திரக் குரலுக்குக் கால அட்டவணை மட்டும்தான் தெரியும். அது வராத வண்டியை வந்துவிட்டது என்றது, நிற்கும் வண்டியைப் போய்விட்டது என்றது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடைமேடைக்கு நடைமேடை ஓடினார்கள். மேலாளரே போய் ஒயரைப் பிடுங்கினார். கோணல் கம்பளியோடு வந்து நின்ற அறிவிப்பாளரிடம் ஒன்றும் கேட்காமல் மைக்கை நீட்டினார். எல்லா வண்டிகளும் தாமதம் என்று அவர் அறிவித்தார். ஜனங்கள் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டு டீ வாங்கப் போனார்கள்.

பார்சல் கொட்டகைக்கு வேறு யாரையோ போட்டார்கள். வருடங்கள் போயின. மூக்குக்கண்ணாடிக் கடை கைமாறியது, ஹாரன் கல்யாணம் பண்ணிக்கொண்டு கணவரையும் சத்தமாகச் சிரிக்கப் பழக்கினாள். அறிவிப்பாளர் வீட்டில் பேச்சுச் சத்தம் அதிகமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை புகார் சொன்னார். இவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதைப் பற்றியே வெகுநேரம் பேசினார்கள். குளிர்காலம் மட்டும் பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு வருடமும் முதலில் அவர் கழுத்துக்குத்தான் வந்தது. அவள் கம்பளியை மாட்டிவிடுவாள்; குளிர் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு ஊருக்குள் போகும். இரண்டு குமிழ் சப்பியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசி நிரப்பிவிடுவாள். வானிலை அலுவலகத்திலிருந்து போன் பண்ணி அவர் கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

ஒரு வருடம் குளிர் ரொம்பவே தாமதமானது. ஸ்வெட்டரோடு வந்து வியர்த்துக்கொண்டிருந்த பயணிகள் அறிவிப்பு அறையின் ஜன்னலில் எட்டிப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். அறிவிப்பாளரின் மனைவிக்கு அன்று லீவு. ஒலிபெருக்கிக்குக் கீழே இல்லை, அறிவிப்பு அறைக்குள்ளேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் கணவரின் பிடரியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அவர் கம்பளியை மாட்டிக்கொண்டு மைக்கைத் திறந்தார்.

"பயணிகள் கவனத்துக்கு. சற்றே தாமதமாக வந்த குளிர்காலம், இன்னும் சில நிமிடங்களில் முதலாம் நடைமேடை வழியாக ஊருக்குள் செல்லும்."

நடைமேடையில் இருந்தவர்கள் ஸ்வெட்டர் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, அது போக வசதியாகப் பெட்டிகளைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்தார்கள்.